கோபுரம் இல்லாத ஊரின் வான்பரப்பு

கண்டியில் விமான நிலையம் இல்லை, கட்டுப்பாட்டுக் கோபுரமும் இல்லை. இதனால் அம்பிட்டிய, தலாத்துஓயா, ஹந்தானைப் பக்கங்களில் ட்ரோனை வைத்துத் தொழில் செய்கிறவர்களிடம் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. வான்பரப்பு வகைகள் என்ற பாடம் கட்டுநாயக்கவுக்கும் இரத்மலானைக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு உரியது. மலைநாட்டில் பறக்கவிடுகிறவருக்குக் காற்றும் மழையும் பற்றரியும் தெரிந்தால் போதும் என்கிறார்கள். கலியாண வீட்டுக்கும் காணி விற்பனை வீடியோவுக்கும் தேயிலைத் தோட்ட அளவைக்கும் ஆள் தேடுகிறவர்களும் இதை அப்படியே நம்புகிறார்கள். இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் இதற்கு நேரெதிரான முடிவுக்கே வந்திருக்கிறேன். கோபுரம் உள்ள இடத்தில் பொறுப்பில் பெரும்பங்கைக் கோபுரம் சுமக்கிறது. கோபுரம் இல்லாத இடத்தில் அது முழுவதும் ரிமோட்டைப் பிடித்திருப்பவரின் தலையில் வந்து விழுகிறது. வான்பரப்பை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டிய தேவை கட்டுநாயக்கவில் இருப்பவரைவிட அம்பிட்டியவில் இருப்பவருக்கே கூடுதல்.

முதலில் வகுப்புகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1990இல் ஏற்றுக்கொண்ட முறைப்படி வான்பரப்பு ஏழு வகுப்பாகப் பிரிக்கப்படுகிறது: ஏ முதல் ஜி வரை. முதல் ஐந்தும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை, கடைசி இரண்டும் அப்படியல்ல. பயிற்சி வகுப்புகளில் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். ஆனால் அதன் உள்ளே ஓடும் ஒழுங்கைச் சொல்லித்தருவது அரிது. ஏ வகுப்பில் கருவிகளின் துணையோடு பறப்பவர்களுக்கு மட்டுமே இடம். ஒவ்வொரு விமானத்தையும் மற்ற ஒவ்வொரு விமானத்திலிருந்தும் விலக்கி வைப்பது தரையில் இருக்கும் கட்டுப்பாட்டாளரின் வேலை. பி வகுப்பில் கண்ணால் பார்த்துப் பறப்பவர்களும் வரலாம், அவர்களையும் அவரே விலக்கி வைக்கிறார். சி வகுப்பில் கண்ணால் பார்த்துப் பறக்கும் இருவருக்கு இடையிலான இடைவெளியை அவர் பொறுப்பேற்பதில்லை. ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தகவல் மட்டும் தருகிறார். டி வகுப்பில் அவர் பிரித்து வைப்பது கருவி விமானத்தைக் கருவி விமானத்திலிருந்து மட்டுமே. ஈ வகுப்பில் கண்ணால் பார்த்துப் பறப்பவர் அவரிடம் பேசவே தேவையில்லை. எஃப் வகுப்பு ஆலோசனையோடு நின்றுவிடுகிறது. ஜி வகுப்பில் கேட்டால் தகவல் கிடைக்கும், அவ்வளவுதான். மேலிருந்து கீழே வாசித்தால் ஒரே விடயம் தெரிகிறது: ஒவ்வொரு படியிலும் கட்டுப்பாட்டாளரின் தோளிலிருந்து ஒரு சுமை இறங்கி விமானியின் தோளில் ஏறுகிறது. ஜி வகுப்பில் முழுச் சுமையும் விமானியுடையது.

கோபுரம் இல்லாத ஊர்களில் தரையை ஒட்டிய வான்பரப்பு பொதுவாக இந்த ஜி வகுப்பிலேயே அடங்கும். அங்கே இரண்டு ஆட்கள் ஏறிய சிறு விமானங்கள் ஒன்றையொன்று எப்படித் தவிர்க்கின்றன? இருவருக்கும் கண் இருக்கிறது, வானொலி இருக்கிறது, உயிரும் அங்கேயே இருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு ட்ரோனை விட்டுப் பாருங்கள். அதில் வானொலி இல்லை. அதன் கமரா பெரும்பாலும் கீழே பார்க்கிறது, பக்கத்தில் வருவதைப் பார்ப்பதில்லை. எதிரே வரும் ஹெலிகொப்டரின் விமானிக்கு ஒரு சாப்பாட்டுப் பார்சல் அளவுள்ள சாம்பல் நிறப் பொருள், மலைச்சரிவின் பச்சைப் பின்னணியில் கண்ணில் படும் வாய்ப்பும் மிகக் குறைவு. ஆக, இருவர் சேர்ந்து சுமக்க வேண்டிய பொறுப்பில் மற்றவரால் முடியாத பங்கையும் ட்ரோன்காரரே சுமக்க வேண்டியிருக்கிறது. ஜி வகுப்பில் யாரும் கேட்கமாட்டார்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

நம்மில் பலர் இந்தப் பாடத்தை அமெரிக்கப் பயிற்சி வீடியோக்களிலிருந்து படித்தவர்கள். அதில் தவறில்லை, நல்ல வீடியோக்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே ஏ வகுப்பு 18,000 அடியில் தொடங்குகிறது, ஜி வகுப்பின் உச்சவரம்பு பல இடங்களில் 700 அடி அல்லது 1,200 அடி என்பதெல்லாம் அந்த நாட்டின் வரைபடத்துக்கு உரியவை. வகுப்புகளுக்கு என்ன அர்த்தம் என்பதில் உலகுக்கு ஒரு பொதுமை உண்டு. எந்த வகுப்பு எங்கே, எவ்வளவு உயரத்தில் என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்கிறது. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் நாட்டைப் பச்சை, மஞ்சள், சிவப்பு வலயங்களாகப் பிரித்து இணைய வரைபடத்தில் போட்டிருக்கின்றன. பச்சை வலயத்தில் 400 அடி வரை பறக்க முன் அனுமதி வேண்டாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீற்றர் வரையான வளையத்தில் 200 அடி வரை அதே சலுகை. கோயம்புத்தூரில் வயலுக்கு மருந்தடிக்கும் ஒருவர் வரைபடத்தைத் திறந்து நிறத்தைப் பார்த்துப் புறப்படலாம். நமக்கு அந்த வசதி இல்லை. இலங்கையில் அனுமதியே தொடக்கம். சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில் ட்ரோனைப் பதிவுசெய்ய வேண்டும். பறப்பதற்கான அனுமதிக்குப் பாதுகாப்பு அமைச்சின் இசைவும் தேவைப்படுகிறது. பச்சை நிறத்தைப் பார்த்துப் பழகியவர் இங்கே வந்து, கட்டுப்பாட்டாளர் இல்லாத வான்பரப்பையே பச்சை வலயம் என்று எடுத்துக்கொண்டால் முதல் அடியே பிழைத்துவிடும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கடுமை என்று நினைக்க வேண்டாம். 1944 டிசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் முதல் உறுப்புரையே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள வான்பரப்பில் முழுமையான, தனியான இறைமை உண்டு என்கிறது. 8ஆம் உறுப்புரை, விமானி இல்லாமல் பறக்கும் எதுவும் ஒரு நாட்டின் விசேட அனுமதியின்றி அதன் மேல் பறக்கக் கூடாது என்கிறது. 36ஆம் உறுப்புரை, விமானங்களில் ஒளிப்படக் கருவி பயன்படுத்துவதைத் தடுக்கவோ ஒழுங்குபடுத்தவோ நாடுகளுக்கு உரிமை தருகிறது. ட்ரோன் என்ற பொருள் சந்தைக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவை இவை. விமானி இல்லாத பறப்பும் வானிலிருந்து படமெடுப்பதும் நம் தொழிலின் இரண்டு கால்கள். இரண்டுமே தொடக்கத்திலிருந்து அனுமதியின் கீழ் வைக்கப்பட்டவை.

ஆக, ஏழு வகுப்பு என்பது ஓர் அடுக்கு மட்டும். அது யார் யாரை விலக்கி வைப்பது என்பதைச் சொல்கிறது. பறக்கலாமா என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்வது இரண்டாவது அடுக்கு: தடைசெய்யப்பட்ட பகுதி, மட்டுப்படுத்தப்பட்ட பகுதி, ஆபத்துப் பகுதி என்ற மூன்று. முதலாவதில் பறக்கவே முடியாது. இரண்டாவதில் குறித்த நிபந்தனைகளோடு பறக்கலாம். மூன்றாவதில் குறித்த நேரங்களில் பறப்புக்கு ஆபத்தான வேலைகள் நடக்கும், துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சி போல. இவை நிரந்தரமாகவும் இருக்கலாம், சில நாட்களுக்கு அறிவிக்கப்பட்டு நீங்கவும் செய்யலாம். கண்டியைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது அடுக்கே கனமானது. 1988இல் உலக மரபுரிமை நகரமாக அறிவிக்கப்பட்ட ஊர் இது. 1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்ததிலிருந்து அந்தச் சூழலின் பாதுகாப்பு எத்தகையது என்று கண்டிவாசிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. பக்கத்திலேயே ஜனாதிபதி மாளிகை. எசல பெரஹரா நாட்களில் இலட்சக்கணக்கானோர் வீதியோரங்களில் உட்கார்ந்திருப்பார்கள், நடுவே தீப்பந்தங்களும் யானைகளும். ஒரு யானை மிரண்டால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்த்தால் அங்கே ட்ரோனுக்கு ஏன் இடமில்லை என்பது விளங்கும். அம்பிட்டியவிலிருந்து தலதா மாளிகை சில கிலோமீற்றர்தான். இன்றைய மடிப்பு ட்ரோன்களின் சமிக்ஞை எட்டும் தூரம் அதைவிட அதிகம். பொத்தான் அனுமதிக்கிறது என்பதற்காக வான் அனுமதிக்கிறது என்று ஆகிவிடாது.

இங்கே எழும் முதல் ஆட்சேபம் நியாயமானதாகத் தோன்றும். ஆட்கள் ஏறிய விமானங்கள் நகர்ப்புறத்துக்கு மேல் மிக உயர்ந்த தடையைவிட 1,000 அடியும் மற்ற இடங்களில் தரையிலிருந்து 500 அடியும் மேலே பறக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. பல நாடுகளில் ட்ரோனின் வரம்பு 400 அடி, அதாவது ஏறத்தாழ 120 மீற்றர். இரண்டுக்கும் நடுவே 100 அடி இடைவெளி இருக்கும்போது யார் யாரோடு மோதப்போகிறார்கள் என்று கேட்கிறார்கள். ஆனால் அந்த 500 அடி விதி ஏறும்போதும் இறங்கும்போதும் பொருந்தாது; மீட்பு, பொலிஸ், இராணுவப் பறப்புகள் அதற்குக் கீழேயும் வரும். 2017 செப்டெம்பர் 21ஆம் திகதி மாலை நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபைக் கூட்டத்துக்காக வான்பரப்பு தற்காலிகமாக மட்டுப்படுத்தப்பட்டிருந்தது. காவலுக்கு வந்த அமெரிக்க இராணுவத்தின் பிளாக் ஹோக் ஹெலிகொப்டர் ஒன்று 300 அடி உயரத்தில் ஒரு பாண்டம் ட்ரோனோடு மோதியது. சுழலித் தகடு சேதமடைந்தாலும் ஹெலிகொப்டர் பத்திரமாக இறங்கியது. ட்ரோன்காரர் இரண்டரை மைல் தொலைவில், கண்ணுக்கெட்டாத தூரத்தில் அதை ஓட்டிக்கொண்டிருந்தார். தற்காலிகத் தடை அவருக்குத் தெரியவில்லை, மோதல் நடந்ததும் தெரியவில்லை. விசாரணையாளர்கள் தொடர்புகொண்ட பின்பே அறிந்தார். 300 அடி என்பது நாம் எல்லோரும் பாதுகாப்பு என்று நம்பும் உயரம்.

கண்டிக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோது, வீதிகள் அறுந்த ஊர்களுக்கு ஹெலிகொப்டர்களே போயின. மலைமுகடுகளை முகில் மூடியிருக்கும்போது அவை முகிலுக்குக் கீழே, பள்ளத்தாக்கு வழியே வரும். அதாவது நாம் பறக்கவிடும் உயரத்திலேயே வரும். பொல்கொல்ல, விக்டோரியா நீர்த்தேக்கங்கள் நீரில் இறங்கும் சிறு விமானங்களுக்கான இடங்களாகப் பயன்பட்டவை. அவற்றுக்குத் தனிக் குறியீடுகளும் உண்டு. மகாவலிப் பள்ளத்தாக்கில் படமெடுக்கப் போகிறவர் கண்டியில் விமான நிலையம் இல்லை என்று சொல்லிக்கொண்டு போனால், தண்ணீருக்கும் ஓடுபாதையின் வேலை உண்டு என்பதை மறந்தே போகிறார்.

சிறிய ட்ரோன்தானே, 250 கிராமுக்குக் குறைவு, என்ன செய்துவிடும் என்பது அடுத்த ஆட்சேபம். எடையைக் கொண்டு வகைப்படுத்தும் விதிகளே இந்த நினைப்பை ஓரளவு வளர்த்துவிட்டன. 2025 ஜனவரி 9ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் காட்டுத்தீயை அணைக்கக் கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்திருந்த தண்ணீர் சுமக்கும் விமானத்தின் இடது இறக்கையில் ஒரு ட்ரோன் மோதித் துளை போட்டது. அது 250 கிராமுக்கும் குறைந்த ரகம். ஓட்டியவர் வாகனத் தரிப்பிடம் ஒன்றின் மேல்மாடியிலிருந்து ஏற்றி, இரண்டரைக் கிலோமீற்றருக்கு மேல் அனுப்பி, கண்பார்வையிலிருந்து இழந்திருந்தார். தீப்பகுதிக்கு மேல் வான்பரப்பு மூடப்பட்டிருந்தது. விமானம் தப்பியது. ஆனால் வீடுகள் எரிந்துகொண்டிருந்த நாட்களில் அந்த விமானம் பழுதுபார்க்க நிறுத்தப்பட்டிருந்தது. ஓர் இறக்கைக்கு மோதும் பொருளின் எடை மட்டும் கணக்கல்ல, அது எந்த வேகத்தில் வந்து மோதுகிறது என்பதும் கணக்கு.

செயலி பார்த்துக்கொள்ளும் என்கிறவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். உற்பத்தி நிறுவனங்கள் விமான நிலையங்களைச் சுற்றி மின்னணு வேலி போட்டு, அதற்குள் மோட்டோர் சுழலாமல் செய்திருந்த காலம் ஒன்று இருந்தது. அந்த வேலியைச் சட்டம் என்றே பலர் எண்ணிக்கொண்டார்கள். 2025 ஜனவரியில் டிஜேஐ நிறுவனம் அமெரிக்காவில் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு, எச்சரிக்கை மட்டும் காட்டும் முறைக்கு மாறியது. முடிவு செய்யும் பொறுப்பு ஓட்டுகிறவருக்கே என்பது அதன் வாதம். அந்த வாதத்தோடு எனக்கு முரண்பாடில்லை. செயலியின் வரைபடம் பெரிய விமான நிலையங்களை அறிந்தது. பெரஹரா எந்த வீதியால் போகிறது என்பதை அறியாது, இன்று காலை மண்சரிவு விழுந்த ஊருக்கு ஹெலிகொப்டர் கிளம்பியதை அறியாது. நியூயோர்க் ட்ரோன்காரரும் செயலியை நம்பியே பறக்கவிட்டார் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. வரைபடத்தில் நிறம் இல்லாத இடம் ஆபத்து இல்லாத இடமாகிவிடாது. அந்த இடத்தைப் பற்றி யாரும் அதற்குத் தகவல் கொடுக்கவில்லை என்றும் இருக்கலாம்.

மலைநாட்டில் எனக்கு மிகவும் கவலை தருவது உயரம். இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ரிமோட்டின் திரையில் உயரம் என்று காட்டப்படும் இலக்கம், ட்ரோன் மேலெழுந்த இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. அதன் கீழே இப்போது இருக்கும் தரையிலிருந்து அல்ல. வடக்கே சமவெளியில் பறக்கவிடுகிறவருக்கு இரண்டும் ஒன்று. அம்பிட்டியவில் அப்படியல்ல. ஹந்தானைச் சரிவில், பள்ளத்தாக்கின் தரையைவிட 200 மீற்றர் மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாதையில் நின்று ட்ரோனை 100 மீற்றர் ஏற்றி, பள்ளத்தாக்குக்கு மேலே வெளியே அனுப்புங்கள். திரை 100 என்றே காட்டும், வரம்புக்குள் இருப்பதாகவே தோன்றும். கீழேயுள்ள வீட்டுக்கூரையிலிருந்து அது 300 மீற்றர் உயரத்தில் நிற்கிறது, ஏறத்தாழ 1,000 அடி. ஆட்கள் ஏறிய விமானம் சட்டப்படி பறக்கக்கூடிய உயரத்தின் நடுவிலேயே நிற்கிறது. விக்டோரியா அணைக்கட்டு இதைக் கண்முன்னே காட்டும். 1985இல் நிறைவு பெற்ற அந்த வளைவு அணையின் உயரம் 122 மீற்றர், அதாவது 400 அடி. அதன் மேல்மட்டத்தில் நின்று ட்ரோனை ஆள் உயரத்துக்குத் தூக்கி, கீழ்ப்பக்க ஆற்றுக்கு மேலே தள்ளினாலே போதும். திரை 2 மீற்றர் என்று சொல்லும்போதே ஏறத்தாழ வரம்பைத் தொட்டுவிடும்.

எதிர்த்திசையிலும் இதே சிக்கல் உண்டு. பள்ளத்தாக்கிலிருந்து மேலெழுந்து சரிவை நோக்கிப் போனால், சமிக்ஞை அறுந்ததும் ட்ரோன் தானாகத் திரும்புவதற்கு நாம் குறித்த உயரம் போதாமல் போகும். 60 மீற்றர் என்று குறித்திருந்தால் அது புறப்பட்ட இடத்திலிருந்து 60 மீற்றர். நடுவே 90 மீற்றர் எழும் ஒரு முகடோ, அதன் மேல் நிற்கும் தொலைத்தொடர்புக் கோபுரமோ, சவுக்கு வரிசையோ இருந்தால் ட்ரோன் நேரே போய் மோதும். நில அமைப்பைப் பின்தொடரும் வசதி இருக்கிறது என்று சொல்வார்கள். அந்த வசதி சார்ந்திருக்கும் உயரத் தரவுகளில் பல, கோபுரத்தையும் கம்பியையும் நேற்று வளர்ந்த மரத்தையும் அறியாதவை. அதனால் இந்தப் பக்கம் வேலை செய்கிறவர் சமவுயரக் கோடுகள் உள்ள வரைபடத்தை விரித்து, எங்கே நின்று ஏற்றுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். சரிவில் வேலை நீண்டால், ஒரே இடத்தில் நின்று முழுச் சரிவையும் முடிக்கப் பார்க்காமல் படிப்படியாக ஏறி நின்று ஏற்றுவதே முறை. நேரம் கூடும், பற்றரி கூடுதலாகத் தேவைப்படும். வாடிக்கையாளரிடம் கட்டணம் பேசும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு கணக்கு. மணிக்கு 100 கடல்மைல் வேகத்தில் வரும் ஹெலிகொப்டர் ஒரு வினாடிக்கு 51 மீற்றர் கடக்கும். வினாடிக்கு 4 மீற்றர் வீதம் இறங்கும் ட்ரோனை 120 மீற்றரிலிருந்து தரைக்குக் கொண்டுவர 30 வினாடி வேண்டும். அந்த 30 வினாடியில் ஹெலிகொப்டர் ஒன்றரைக் கிலோமீற்றர் வந்துவிடும். சமவெளியில் அந்தத் தூரத்தில் அதைப் பார்த்துவிடலாம். அம்பிட்டியப் பள்ளத்தாக்கில் அது முகட்டைத் தாண்டிய பிறகே தெரியும். சத்தமோ மலைகளில் பட்டுத் திரும்பி, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடாது. ஆகவே சத்தம் கேட்ட உடனே, திசை தெரியும் வரை காத்திருக்காமல் இறக்க வேண்டும். திரையைப் பார்க்கிறவரே வானத்தையும் பார்க்க முடியாது. பக்கத்தில் வானத்தை மட்டும் பார்க்க ஒருவர் நிற்க வேண்டும். ஹந்தானைப் பக்கம் பருந்துகளும் ட்ரோனைத் துரத்தி வரும் என்பதால் அந்த ஆளுக்கு வேலை குறைவாக இராது.

மூன்றாவது அடுக்கு தரையில் இருக்கிறது. வானத்தைப் பற்றிப் பேசும்போது தரையை ஏன் இழுக்கிறாய் என்று கேட்கலாம். ஒருவரின் நிலத்துக்கு மேலுள்ள வான் எவ்வளவு தூரம் அவருடையது என்ற கேள்விக்கு 1946இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கோஸ்பி வழக்கில் ஒரு பதில் தந்தது. கோழி வளர்த்த ஒரு குடும்பத்தின் நிலத்துக்கு 83 அடி மேலே இராணுவ விமானங்கள் பறந்தன. கோழிகள் மிரண்டு செத்தன. வானம் முடிவற்ற உயரம் வரை நிலக்காரருக்கே சொந்தம் என்ற பழைய கோட்பாட்டை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் நிலத்தை அனுபவிக்கத் தேவையான அளவு, நிலத்தை ஒட்டிய வான் அவருக்கு உரியது என்று ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. அது காட்டும் நியாயம் எங்கும் செல்லும், ஏனென்றால் ட்ரோன்கள் பறப்பது அந்த ஒட்டிய வானில்தான். அம்பிட்டியவில் 1893இல் பாப்பரசர் 13ஆம் லியோவினால் நிறுவப்பட்ட குருத்துவக் கல்லூரி வளாகம் இன்றும் தேசிய குருத்துவக் கல்லூரியாக இயங்குகிறது. தியான நேரத்தில் அதன் கூரைக்கு மேல் இரைச்சலோடு நிற்பதற்கு எந்த வகுப்பு அனுமதி தரும்? ஹந்தானை மலைத்தொடர் 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பகுதியாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. உடவத்தகெலேயும் பாதுகாக்கப்பட்ட காடு. தோட்ட லயன்களுக்கு மேலே பறப்பதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. தோட்ட நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் கையில் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அந்த லயன் வாசலில் தலைவாரிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்கு முன்கூட்டியே சொல்வது, குளிக்கும் பீலிப் பக்கம் கமராவைத் திருப்பாமல் இருப்பது, இவற்றை நான் தொழில் ஒழுக்கத்தின் முதல் வரியாகவே வைப்பேன்.

மிகக் கனமான ஆட்சேபத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். முறைப்படி அனுமதி எடுத்துச் செய்கிறவர் வேலையை இழக்கிறார், எடுக்காதவர் முகூர்த்த நாளில் படமெடுத்துக் காசோடு போகிறார் என்பது அது. இது உண்மை, மறுக்க மாட்டேன். வெறும் தேயிலைச் சரிவில் அளவை எடுக்கும் பறப்புக்கும் நகர நடுவில் கூட்டத்துக்கு மேல் எடுக்கும் பறப்புக்கும் ஏறத்தாழ ஒரே பாதையில் விண்ணப்பிக்க வேண்டியிருப்பது நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களையே வாட்டுகிறது. தீர்வு, இந்தியா செய்ததைப் போல ஆபத்தின் அளவுக்கு ஏற்ப வலயம் பிரித்து, மூன்று மொழிகளிலும் எல்லோரும் பார்க்கக்கூடிய வரைபடமாக வெளியிடுவது. மலைநாட்டுக்கு அந்த வரைபடம் தரையிலிருந்து உயரத்தைக் கணக்கிடுவதாக இருக்க வேண்டும். இதை நாம் கேட்க வேண்டும், சங்கமாகச் சேர்ந்து கேட்க வேண்டும். ஆனால் அது வரும்வரை விதியை மீறுவது அதை விரைவில் கொண்டுவராது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நடந்த சில நாட்களிலேயே, ஏப்ரல் 25ஆம் திகதி, நாடு முழுவதும் ட்ரோன் பறப்பு இடைநிறுத்தப்பட்டது. அந்தத் தாக்குதல்களில் ட்ரோன்களுக்குப் பங்கில்லை. அப்படியிருந்தும் எல்லோருடைய தொழிலும் ஒரே அறிவிப்பில் நின்றது. நாளை பெரஹராவில் ஒரு ட்ரோன் விழுந்தாலோ, மீட்பு ஹெலிகொப்டர் ஒன்று ட்ரோனுக்காகத் திரும்பிப்போக நேர்ந்தாலோ, அதற்குப் பிறகு யாருக்கு அனுமதி கிடைக்கும்?

படப்பிடிப்புக்கு ட்ரோன்காரரை அழைக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். திகதி குறித்ததும் சொல்லுங்கள். முதல்நாள் இரவு தொலைபேசி எடுத்து நாளைக்கு வாருங்கள் என்று கேட்காதீர்கள். வருகிறவரிடம் பதிவையும் அனுமதிக் கடிதத்தையும் காட்டச் சொல்லுங்கள். தலதா மாளிகையும் வாவியும் ஒரே படத்தில் வர வேண்டும் என்று நீங்கள் கேட்டு, அவர் முடியாது என்று சொன்னால், அதற்காக வேறோர் ஆளைத் தேடிப் போகாதீர்கள். முடியாது என்று சொல்லத் தெரிந்தவரிடமே உங்கள் வேலையைக் கொடுங்கள்.